பழைய அலுமினிய சைக்கிள்: வயதை மூட்டில் தேடுங்கள்

பழைய அலுமினிய சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் கண் போவது ஸ்டிக்கர் மேல்தான். பாதி உரிந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துப் பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயரை வைத்து ஆண்டைத் தேடி, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நாலைந்து விடைகளோடு திரும்பி வருவோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பது அப்புறம்தான் உறைத்தது. பழைய மாடல்களின் ஸ்டிக்கர்களைப் புதிதாக அச்சடித்தே விற்கிறார்கள். ஒரே பட்டறையில் செய்த ஃபிரேமுக்கு அந்தக் காலத்திலேயே பல கம்பெனிகள் தங்கள் பெயரைப் போட்டு விற்றிருக்கின்றன. சக்கரம், பெடல், ஹேண்டில்பார் எல்லாம் நாற்பது வருடத்தில் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். மாறாமல் நிற்பது ஃபிரேம் மட்டும். அதிலும் குழாயும் குழாயும் சேர்கிற இடம்.

இரும்பு சைக்கிளில் இந்த இடத்தைப் பார்த்து வயது சொல்வது கஷ்டம். 1910ஆம் ஆண்டு ஃபிரேமை எடுத்தாலும் 1980ஆம் ஆண்டு ஃபிரேமை எடுத்தாலும் வேலை ஒன்றுதான்: குழாயின் நுனியை 'லக்' என்கிற மூட்டுக்குள் செருகி, சூடாக்கி, பித்தளையை உருக்கி இடுக்கில் ஓடவிடுவது. எழுபது வருடம் அதில் பெரிய மாற்றம் வரவில்லை, வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அலுமினியத்தில் கதை வேறு. ஒவ்வொரு தலைமுறையும் குழாய்களைச் சேர்க்கப் புதிதாக ஒரு வழி தேடியது. அதனால் எந்த வழியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே எந்தப் பத்தாண்டு என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அலுமினியம் அப்படி அடம்பிடிக்கக் காரணம் உண்டு. அது 660 டிகிரியிலேயே உருகிவிடும். பித்தளை ஓடுவதற்கு ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும். ஆக, இரும்புக்குச் செய்ததை இதற்குச் செய்தால் மூட்டு சேர்வதற்கு முன்பே குழாய் கரைந்துவிடும். அடுத்தது, அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் படிந்திருக்கும். உள்ளே இருக்கும் உலோகம் உருகிய பிறகும் அந்தப் படலம் உருகாது. 2,000 டிகிரியையும் தாண்டித்தான் உருகும். இதை மீறிப் பற்றவைத்தாலும் மூன்றாவதாக ஒரு தொல்லை காத்திருக்கிறது: சூடுபட்ட இடத்தில் கலப்புலோகத்தின் பலம் போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர முழு ஃபிரேமையும் உலையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். சைக்கிள் செய்கிறவர்களில் எத்தனை பேரிடம் ஒரு முழு ஃபிரேம் நுழையும் உலை இருந்திருக்கும்?

வார்ப்பும் திருகாணியும்

அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழி 1886இல் கிடைத்தது. அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே அதில் சைக்கிள் வந்துவிட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1890களின் நடுவில் 'லூ-மி-நம்' என்ற சைக்கிளைச் செய்தார்கள். குழாய்களைச் சேர்ப்பதுதானே சிக்கல், சேர்க்கவே வேண்டாம் என்று ஃபிரேமை ஒரே துண்டாக வார்த்துவிட்டார்கள். அதில் மூட்டு என்று ஒன்று கிடையாது. இது எங்காவது அருங்காட்சியகத்தில் பார்த்தால்தான் உண்டு, தெருவில் கிடைக்காது.

1930களில் விமானங்களுக்காகச் செய்த டியூராலுமின் என்னும் வலுவான கலப்புலோகம் சைக்கிளுக்கும் வந்தது. பிரான்சில் 'காமினார்ஜான்' என்ற சைக்கிளில் குழாய்கள் எண்கோண வடிவில் இருக்கும். வார்த்த லக்குகள் அவற்றைக் கவ்விப் பிடித்து, திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். ஒருமுறை படம் பார்த்துவிட்டால் மறக்காது. குழாயில் விளிம்பு தெரிகிறது, மூட்டில் திருகாணித் தலை தெரிகிறது என்றால் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. அமெரிக்காவில் சிகாகோவின் மோனார்க் கம்பெனி அதே பத்தாண்டில் 'சில்வர் கிங்' என்ற வரிசையைக் கொண்டுவந்தது. அவற்றில் சில மாடல்களுக்கு அறுகோணக் குழாய். இந்தக் காலத்து சைக்கிள்களுக்கு வடிவமே பெயர்ப்பலகை மாதிரி.

போருக்குப் பின் அலுமினிய ஃபிரேம் கொஞ்ச காலம் பின்தங்கிப் போனது. இன்று 'பழைய அலுமினிய சைக்கிள்' என்று கைக்கு வருவதில் பத்துக்கு ஒன்பது, 1970களிலோ அதற்குப் பின்னோ வந்ததாகத்தான் இருக்கும். உண்மையான குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

பசைக் காலம்

1972இல் இத்தாலியில் லோடோவிகோ ஃபால்கோனி 'ஆலன்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவர் பிடித்த வழி எளிமையானது: நெருப்பே வேண்டாம். குழாயின் நுனியில் மரை போட்டு, பசை தடவி, அலுமினிய லக்குக்குள் திருகிவிடுவது. பிரான்சில் வீட்டூஸ் கம்பெனி 1979இல் '979' என்ற ஃபிரேமைக் கொண்டுவந்தது. அதில் மரையும் இல்லை, பசை மட்டும்தான். அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி 1980களில் ஓட்டிய ஃபிரேம் இதுதான் என்பதால் பெயர் பரவியது.

ஸ்டிக்கர் போய்விட்ட நிலையில் இந்த இரண்டையும் பார்த்தால் முதலில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் குழாய் ஒல்லி. தூரத்திலிருந்து பார்த்தால் இரும்பு சைக்கிள் என்றே நினைப்போம். இரண்டிலும் பெயின்ட் பெரும்பாலும் இருக்காது. வெள்ளியோ, தங்க நிறமோ, நீலமோ, சிவப்போ, உலோகத்தோடு சேர்ந்த அனோடைஸ் நிறம், அதாவது மின்சாரத்தால் வளர்த்த ஆக்சைடு படலத்தில் ஏற்றிய நிறம், இருக்கும். இப்போது குனிந்து, மேல்குழாய் ஹேண்டில்பாருக்குக் கீழே நிற்கும் தலைக்குழாயோடு சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துத் தடவுங்கள். குழாயிலிருந்து மூட்டை நோக்கிப் போகும்போது விரல் ஒரு படி ஏறினால், அதாவது லக் குழாயின் மேல் சட்டைக் கை மாதிரி போர்த்தியிருந்தால், அது ஆலன் வழி. குழாய் லக்குக்குள் போயிருக்கிறது. படி ஏதும் இல்லாமல், ஒரு மெல்லிய வட்டக் கோடு மட்டும் நகத்தில் தட்டுப்பட்டால் அது வீட்டூஸ் வழி. அங்கே லக்கின் நாக்கு குழாய்க்குள் போயிருக்கிறது, குழாய் அதன் மேல் மாட்டியிருக்கிறது. கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது. பழைய அனோடைஸ் பளபளப்பில் கண் ஏமாறும்.

ஆலன் லக்குகளில் பெயரையே பொறித்திருப்பார்கள் என்பது கூடுதல் வசதி. ஆனால் அங்கேயும் ஒரு வலை இருக்கிறது. ஆலன் பட்டறை மற்ற இத்தாலியப் பெயர்களுக்கும் ஃபிரேம் செய்து கொடுத்தது. சேற்றில் ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயங்களில் பேர் வாங்கிய குவெர்சியோட்டி அதற்கு நல்ல உதாரணம். ஆகவே 'செய்தது யார்', 'விற்றது யார்' என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடையை எதிர்பார்ப்பதால்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள்.

வீட்டூஸ் 979 என்று சந்தேகம் வந்தால் சீட் போஸ்ட்டை, அதாவது சீட்டைத் தாங்கும் தண்டை, கழற்றி அளந்து பாருங்கள். 25 மி.மீ. விட்டம் காட்டும். நல்ல இரும்பு ரேஸ் சைக்கிள்களில் வழக்கமாக இருந்த 27.2 மி.மீ.யை விட நன்றாகவே ஒல்லி. யாராவது தகடு சுற்றி வேறு போஸ்ட்டைத் திணித்திருந்தால் அதுவும் ஒரு துப்புதான்: அசல் அளவு கிடைக்காமல் திண்டாடியிருக்கிறார்கள்.

பசை வழி அட்லாண்டிக்கைத் தாண்டியும் போனது. அமெரிக்காவின் டிரெக் கம்பெனி 1985இல் பசையால் ஒட்டிய அலுமினிய ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்தது, '2000' என்பது அதன் எண். அதே காலத்தில் ராலே என்ற பெயரில் அமெரிக்காவில் 'டெக்னியம்' என்ற வரிசை வந்தது. இது ஒரு விசித்திரமான கலவை.

டெக்னியத்தை நான் முதலில் கண்டது காந்தத்தால்தான். பழைய சைக்கிள் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றைப் போட்டுக்கொண்டு போவது என் பழக்கம். ஒரு தடவை சாம்பல் நிறத்தில், பெயர் முற்றிலும் அழிந்த ஒரு ஃபிரேம் கிடைத்தது. மேல்குழாயில் வைத்தேன், காந்தம் வழுக்கி விழுந்தது. கீழ்க்குழாயிலும் அதே கதை. சரி, அலுமினியம் என்று முடிவு கட்டிவிட்டுச் சும்மா பின்பக்கக் கம்பியில் வைத்தால் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. தலைக்குழாயிலும் ஒட்டியது. முதலில் யாரோ இரண்டு ஃபிரேமை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். உண்மையில் அது பிறந்ததே அப்படித்தான்: முக்கியமான குழாய்கள் அலுமினியம், மூட்டுகளும் பின் முக்கோணமும் இரும்பு, இரண்டையும் சேர்ப்பது பசை. காந்தம் பாதி ஒட்டி பாதி ஒட்டாத ஃபிரேம் கிடைத்தால், 1980களின் நடுவையும் பிற்பகுதியையும் முதலில் நினைத்துப் பாருங்கள். அன்றிலிருந்து காந்தத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டேன்.

தடித்த குழாய்கள்

பசை ஃபிரேம்களில் ஒரு குறை எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அவை நெளியும். ஒரே அளவுக் குழாயை எடுத்தால் அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். எடையும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றும், ஆனால் வேறு ஒரு வாசலும் திறந்திருந்தது. சுவரின் தடிமனை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்குதான் கூடும், விறைப்போ ஏறக்குறைய எட்டு மடங்கு கூடும். அலுமினியம் இலேசு என்பதால் இந்தச் சூதாட்டம் அதற்குத்தான் லாபம்.

1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கேரி கிளைன் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். தடித்த குழாய், டிக் வெல்டிங் (மந்த வாயுப் போர்வைக்குள் மின்பொறியால் பற்றவைப்பது), அப்புறம் உலையில் பதப்படுத்தல். கிளைன் ஃபிரேம்களின் வெல்டிங் தழும்பைத் தேய்த்து மழுங்கச் செய்திருப்பார்கள், கேபிள்கள் குழாய்க்குள் ஓடும், பெயின்ட் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மெல்ல வழிந்து போகும். அந்த பெயின்ட்டுக்காகவே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1995இல் டிரெக் அந்தக் கம்பெனியை வாங்கியது. அதற்கு முன் செய்தவைக்கும் பின் செய்தவைக்கும் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு வேறு வேறு.

அமெரிக்காவின் கேனன்டேல் கம்பெனி 1983இல் தன் முதல் சைக்கிளை விற்றது. கீழ்க்குழாயைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுற்றினால் நுனிகள் தொட்டுக்கொள்ளச் சிரமப்படும், அவ்வளவு தடிப்பு. தடித்த அலுமினிய ஃபிரேமுக்குக் கீழே ஒல்லியான இரும்பு ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) என்ற பொருந்தாத ஜோடி ஆரம்பக் கால கேனன்டேலின் அடையாளம். 1984இல் வந்த அவர்களின் முதல் மலை சைக்கிளில் முன் சக்கரத்தைவிடப் பின் சக்கரம் சிறியது: முன்னால் 26 அங்குலம், பின்னால் 24. இந்த ஜோடியைப் பார்த்துவிட்டு 'யாரோ தப்பான சக்கரத்தை மாட்டிவிட்டார்கள்' என்று மாற்றப் போகாதீர்கள். 1989இல் வந்த '3.0' ஃபிரேமிலும், பின்னால் வந்த '2.8' ஃபிரேமிலும் பின் முக்கோணத்தின் மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் சக்கர அச்சுக்கு முன்னாலேயே சேர்ந்துவிடும். அச்சு நுழையும் பிளவுத் தகடு, அதாவது டிராப்அவுட், அங்கிருந்து பின்னால் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெயரில் உள்ள எண் ஃபிரேமின் எடையைப் பவுண்டில் குறிப்பது.

ஜி.டி. கம்பெனியின் ஃபிரேமை அடையாளம் காண்பது இன்னும் எளிது. பின் முக்கோணத்தின் மேல் கம்பிகள் சீட் குழாயில் நிற்காமல் அதைக் கடந்து மேல்குழாயில் போய்ச் சேரும், மூன்றாவதாக ஒரு குட்டி முக்கோணம் உருவாகும். அலுமினியத்தில் அவர்களுடைய 'ஜாஸ்கர்' 1991இல் வந்தது.

வெல்டிங் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை. தழும்பு மழுங்கி, குழாயிலிருந்து குழாய்க்கு வழுவழுப்பாக ஓடினால் யாரோ கையால் தேய்த்திருக்கிறார்கள், விலை உயர்ந்த சைக்கிள். சில்லறைக் காசுகளை அடுக்கிச் சரித்த மாதிரி ஒழுங்கான வரிகள் தெரிந்தாலும் நல்ல வேலைதான். தடித்து, மேடு பள்ளமாக இருந்தால் 1990களில் அலுமினியம் மலிவாகிக் கூட்டம் கூட்டமாக வந்த சைக்கிள்களில் ஒன்றாக இருக்கலாம். '7005' என்ற எண் ஸ்டிக்கரில் இருந்தாலும் அதே பக்கம்தான் நினைக்க வேண்டும். அது ஒரு கலப்புலோகத்தின் எண். 6061 என்ற இன்னொரு கலப்புலோகம் மாதிரி வெல்டிங்குக்குப் பின் முழுப் பதப்படுத்தல் கேட்காது, குறைந்த சூட்டில் வைத்தெடுத்தால் போதும். பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு அது வரமாக வந்தது. எண்ணை மாடல் எண் என்று நினைத்துக்கொண்டு '7005 மாடல்' என்று தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எண் எங்கே, என்ன சொல்கிறது

பத்தாண்டு பிடிபட்ட பிறகுதான் வரிசை எண்ணுக்கு வர வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு உட்காரும் குழலின், அதாவது பாட்டம் பிராக்கெட்டின், அடிப்பக்கத்தைப் பாருங்கள். முக்கால்வாசி அங்கேதான் இருக்கும். இல்லையென்றால் பின் டிராப்அவுட், சீட் குழாய், தலைக்குழாய் என்று தேடுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எண்ணும் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். உப்புத்தாள் வேண்டாம். அனோடைஸ் படலம் போனால் திரும்பி வராது.

பெரும்பாலான கம்பெனிகளின் எண்ணில் படிக்கும்படி ஒன்றும் இருக்காது. 1980களின் கேனன்டேல் அருமையான விதிவிலக்கு. ஓர் எண்ணைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்: 56102287014. முதல் இரண்டு இலக்கம் ஃபிரேம் அளவு, 56 செ.மீ. அடுத்த ஆறு இலக்கம் தேதி. அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வரும்: 10ஆம் மாதம் 22ஆம் நாள், 1987. கடைசி மூன்று இலக்கம் அன்றைய வரிசை, பதினான்காவது ஃபிரேம். நாளை முதலில் எழுதிப் பழகிய நமக்கு இங்கே கை தவறும். 050687 என்று இருந்தால் அது ஜூன் 5 இல்லை, மே 6.

இந்த 1987 அக்டோபர் ஃபிரேம் எந்த ஆண்டு மாடல்? 1988. சைக்கிள் கம்பெனிகள் அடுத்த ஆண்டின் மாடல்களை முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஃபிரேம் பிறந்த தேதியும் பட்டியலில் உள்ள மாடல் ஆண்டும் ஒன்றல்ல. பட்டியலோடு நிறத்தை ஒப்பிட்டு 'என் நிறம் 1987 பட்டியலில் இல்லையே' என்று தவிப்பவர்கள் ஒரு பக்கம் தள்ளிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மாடல் பெயரிலும் இதே மாதிரி ஒரு சிக்கல். ஒரே ஃபிரேமில் மலிவான பாகங்களைப் பூட்டினால் ஒரு பெயர், உயர்ந்த பாகங்களைப் பூட்டினால் இன்னொரு பெயர். கேனன்டேலின் 'எஸ்.ஆர்.' ரேஸ் வரிசையில் பின்னால் வரும் எண் கூடக் கூடப் பாகங்கள் உயர்ந்தவை. அசல் பாகங்கள் எல்லாம் போய், ஃபிரேம் மட்டும் மிஞ்சியிருந்தால் 'இது எந்த எண்' என்ற கேள்விக்கே அர்த்தம் குறைந்துவிடுகிறது. ஃபிரேமின் வகையையும் ஆண்டையும் சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. விற்பவர்கள் அந்த இடத்தில் எப்போதும் பெரிய எண்ணையே சொல்வார்கள், அது வேறு விஷயம்.

பாகங்களைச் சாட்சிக்குக் கூப்பிடும்போது

பாகங்களை நம்பக்கூடாது என்றேன். ஒரு பாகத்தை நம்பக்கூடாது, அவ்வளவுதான். ஐந்தாறு பாகங்கள் ஒரே ஆண்டைச் சொன்னால் நம்பலாம்.

ஜப்பானின் ஷிமானோ கம்பெனிப் பாகங்கள் இதற்கு வசதியானவை. பின் டெரெய்லரின் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) உட்புறம், கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) உள்பக்கம், பிரேக் கையின் பின்புறம் என்று கண்ணில் படாத இடங்களில் இரண்டு ஆங்கில எழுத்து அடித்திருப்பார்கள். முதல் எழுத்து ஆண்டு: 'ஏ' 1976, 'பி' 1977 என்று வரிசையாகப் போகும். இரண்டாம் எழுத்து மாதம்: 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். ஆக, 'கே டி' என்றிருந்தால் 1986 ஏப்ரல். டெரெய்லரில் 'கே டி', கிராங்கில் 'கே பி', முன் பிரேக்கில் 'கே சி', ஹப்பில் (சக்கரத்தின் குடம்) 'கியூ எஃப்' என்று ஒரு சைக்கிள் சொன்னால், மூன்று சாட்சிகள் 1986இன் முதல் மாதங்களைச் சொல்கின்றன. ஹப் மட்டும் 1992 ஜூன். சக்கரம் மாறியிருக்கிறது, சைக்கிள் 1986இன் நடுவில் பூட்டப்பட்டது. பாகம் எப்போதும் சைக்கிளுக்குச் சில மாதம் மூத்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். இத்தாலியின் காம்பக்னோலோ கம்பெனியின் பழைய பின் டெரெய்லர்களில் 'பேட்.' (PAT.) என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். அதுவும் செய்த ஆண்டையே காட்டும்.

எழுத்தே இல்லாத பாகங்களும் எல்லை கட்டித் தரும். 'கிளிக் கிளிக்' என்று படிப்படியாக விழும் கியர் ஷிமானோவிடமிருந்து 1984இல்தான் வந்தது. பிரேக் கைப்பிடியிலேயே கியர் மாற்றும் ஏற்பாடு 1990இல். சக்கரத்தின் இரு பக்கமும் நீண்ட கைகள் நிற்கும் வி-பிரேக் 1996இல். ஃபோர்க்கின் கழுத்தில் மரை போடாமல், ஹேண்டில்பாரின் தண்டு வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் ஏற்பாடு 1990களின் தொடக்கத்தில் மலை சைக்கிள்களில் பரவியது. இவற்றில் ஒன்று ஃபிரேமோடு பிறந்தது என்று உறுதியானால், அதற்கு முன்னுள்ள ஆண்டுகளை அடித்துவிடலாம்.

ஃபிரேமில் மாற்ற முடியாத அளவு ஒன்றும் இருக்கிறது: பின் டிராப்அவுட்டுகளுக்கு இடையே உள்ள அகலம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு உட்புறம் அளந்து பாருங்கள். 120 மி.மீ. என்றால் ஐந்து பல்சக்கரக் காலம். 126 என்றால் ஆறு, ஏழு பல்சக்கரம், அதாவது ஏறக்குறைய 1980கள். 130 என்றால் எட்டுக்கு மேல், 1990களும் அதற்குப் பின்னும். 135 மலை சைக்கிள். இரும்பு ஃபிரேமில் யாராவது நெம்பி அகலப்படுத்தியிருப்பார்கள் என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. அலுமினியத்தை அப்படி நெம்பினால் விரிசல் விடும், பசை மூட்டு பிரியும். அதனால் இந்த அளவு அலுமினியத்தில் இன்னும் நம்பகமான சாட்சி. புதுச் சக்கரம் நுழையவில்லை என்று நீங்களும் நெம்பிவிடாதீர்கள்.

எந்த நாட்டு ஃபிரேம் என்று தெரியவில்லையென்றால் பாட்டம் பிராக்கெட்டின் கிண்ணத்தில் பொறித்திருக்கும் மரை அளவைப் படியுங்கள். 36 × 24 என்றால் இத்தாலி, 35 × 1 என்றால் பிரான்ஸ், 1.37 × 24 என்றால் ஆங்கில அளவு. முதல் இரண்டும் நாட்டையே காட்டிக்கொடுக்கும். ஆங்கில அளவோ உலகம் பூராவும் பரவியது என்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கண்டுபிடித்த பிறகு

வயது தெரிந்தவுடன் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். அதற்கு முன் விளக்கை எடுத்து மூட்டுகளைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். இரும்புக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை லட்சம் தடவை அழுத்தினாலும் களைப்பு சேராது. அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. ஒவ்வொரு மிதியும் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, தலைக்குழாயின் அடியில், செயின் ஓடும் பக்கத்து டிராப்அவுட்டில் முடி போல ஒரு கருங்கோடு தெரிந்தால் அது சுவரில் மாட்ட வேண்டிய சைக்கிள். பசை ஃபிரேமில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஹெட்செட் (தலைக்குழாயில் ஃபோர்க் சுழல உதவும் பேரிங்) சரியாக இறுகியிருந்தும் மூட்டிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் பசை விட்டிருக்கிறது.

சீட் போஸ்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் பக்கத்தில் இருந்தால் அலுமினியம் அரித்து, அந்தப் பொடியே இரண்டையும் கட்டிப்போட்டுவிடும். பலத்தால் திருகாமல், எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிய வேலை இது.

பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் மூட்டு வகை இங்கேயும் முக்கியம். பொடியைத் தூவிச் சுட்டுப் பூச்சாக்கும் பவுடர் கோட்டிங் உலையின் சூடு 180 டிகிரியைத் தொடும். வெல்டிங் ஃபிரேமை முன்பின் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம், பசை ஃபிரேமைக் கொடுக்கவே கூடாது, உள்ளே பசை இளகிவிடும். பழைய பெயின்ட்டை உரிக்கக் காஸ்டிக் சோடா கலந்த எதையும் தொடவிடாதீர்கள், அது பெயின்ட்டோடு அலுமினியத்தையும் தின்னும். எந்த வழியில் அடித்தாலும் சரி, அதற்கு முன் பாட்டம் பிராக்கெட்டின் அடியில் உள்ள எண்ணை, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பூச்சு அந்தக் குழிகளை நிரப்பிவிட்டால், அடுத்து அதைக் கவிழ்த்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.